நிலம் தாழுறத முந்தியே கணக்குப் போடலாம், ஆனா அளந்து வச்சிருக்கோணும்

சுரங்கம் தோண்டின இடத்துக்கு மேல நிலம் தாழ்ந்து வீட்டுச் சுவர் வெடிச்சா உடனே "இதெல்லாம் ஆருக்குத் தெரியும், இயற்கைதானே" எண்டு கொமெண்ட் போடுற ஆக்களக் கண்டா எனக்குச் சரியான கோபம் வரும். தெரியும் ஐயா, 1950கள்லயே போலந்தில க்னோத்தே எண்டவர் இதுக்கு ஃபோர்முலா எழுதிட்டார்.

பிரிட்டன்ல நிலக்கரிக்காரர் சுரங்கத்துக்கு மேல ஊர் ஊரா லெவல் எடுத்து (நில உயரம் அளந்து) கிராஃப் கீறி வச்சாங்க. அந்தக் கணக்குப்படி 300 மீட்டர் ஆழத்தில 2 மீட்டர் தடிப்பான கரிப்படைய, தூண் ஒண்டும் விடாம நல்ல அகலமா எடுத்து மேல்பாறைய விழ விட்டா, மேல நிலம் கிட்டத்தட்ட 1.8 மீட்டர் வரைக்கும் இறங்கும், அதோட நிக்காது, நேர்குத்துக்கு 35 பாகை சரிவில வெளிப்பக்கமா பரவி, தோண்டின விளிம்பிலருந்து 200 மீட்டர் தள்ளி இருக்கிற வளவையும் கொஞ்சம் அசைக்கும். இதில கனபேர் விளங்காத விசயம், வீடு முழுக்க ஒரே அளவா இறங்கினா சுவர்ல கீறல் கூட வராது. ஒரு பக்கம் கூட, மற்றப் பக்கம் குறைய இறங்கி, ஓரத்தில நிலம் இழுபட்டு உள்பக்கம் நெருக்குப்படுதே, அதுதான் உடைக்கிறது. தூண் விட்டு எடுத்த பழைய சுரங்கம் எண்டா கதை வேற, தூண் எப்ப நொறுங்கும் எண்டு திகதி சொல்லேலாது.

எங்கட மட்டக்களப்பு அம்பாறைப் பக்கம் அப்பிடிச் சுரங்கம் இல்ல. வாகரை இல்மனைட் (மணல்ல இருக்கிற கனிமம்) பிரச்சினை மேல்மணல அள்ளுறது, அத இதோட குழப்பாதீங்க (அதுக்குத் தனியா எழுதோணும்). ஆனா பண்டாரவளை என்ன தூரமா? 2014 கடைசியில உமா ஓயா நீர்த்திட்டச் சுரங்கப்பாதைக்குள்ள தண்ணி உடைச்சு வந்து, மேல கிணறு வத்தி, வீடுகள் வெடிச்சது. அங்க நிலக்கீழ் தண்ணி வடிஞ்சதுதான் காரணம், அதுக்குப் பிரிட்டன் கிராஃப் சரிவராது, பாறை வெடிப்பு வழிய தண்ணி எங்க வரைக்கும் இழுபடும் எண்டுதான் பார்க்கோணும்.

என்ட ஆத்திரம் என்னெண்டா, தோண்ட முந்தி அளக்காம விட்டா, பிறகு "இது பழைய வெடிப்பு" எண்டு சொல்றவனுக்கு நாம என்னத்தக் காட்டுறது? ஐரோப்பாக்காரரிட சென்டினல் செய்மதி எடுக்கிற ராடார் படம் 2014லருந்து சும்மா கிடைக்குது, மில்லிமீட்டர் கணக்கில அசைவு பிடிக்கலாம், காடு மரம் அடர்ந்த இடத்திலதான் சரியா வராது. கிணத்துத் தண்ணிமட்டம், சுவர் ஃபோட்டோ, லெவல், இதெல்லாம் பெரிய செலவா? சுற்றாடல் அறிக்கை மக்கள் பார்வைக்கு வைக்கிற 30 நாளுக்குள்ள பிரதேச செயலகத்துக்குப் போய், தோண்ட முந்தி எடுத்த இந்த அளவெல்லாம் அதில இருக்கா எண்டு முதல்ல தேடுங்க, இல்லாட்டி இல்ல எண்டு எழுத்தில குடுத்து கையெழுத்தோட கொப்பி வாங்கி வைங்க.