படம் வரையாமல் டபுள் இன்டக்ரலில் கை வைக்காதீர்கள்

பொறியியல் முதலாண்டு கணிதத்தில் மல்ட்டிபிள் இன்டக்ரல் (ஒரு பரப்பின் மேலோ கனஅளவின் மேலோ கூட்டும் டபுள், ட்ரிபிள் இன்டக்ரல்கள்) யூனிட் என்றாலே பிள்ளைகள் மிரள்கிறார்கள். ஆனால் விடைத்தாளைப் பார்த்தால் மதிப்பெண் போயிருப்பது இன்டக்ரேஷனில் அல்ல. அதில் வருவது பெரும்பாலும் பிளஸ் டூவிலேயே செய்து பழகிய வகைதான். எங்கிருந்து எங்குவரை கூட்டுகிறோம் என்று சொல்லும் லிமிட்டில்தான் போகிறது. எந்தப் பரப்பின் மேல் கூட்டுகிறோம் என்று வரைந்து பார்க்காததால் போகிறது.

ஆர்டர் மாற்றும் கணக்கு, அதாவது எக்ஸ், ஒய் இரண்டில் எதை முதலில் இன்டக்ரேட் செய்வது என்ற வரிசையை மாற்றும் கணக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒய், எக்ஸிலிருந்து 1 வரை. வெளியே எக்ஸ், 0 முதல் 1 வரை. இன்டக்ரேட் செய்ய வேண்டியது இ பவர் ஒய் ஸ்கொயர். ஒய்யை முதலில் எடுத்தால் அங்கேயே நின்றுவிடும். நமக்குத் தெரிந்த சார்புகளை வைத்து அதன் இன்டக்ரலை எழுதவே முடியாது. சரி, ஆர்டரை மாற்றுவோம் என்று பலரும் இரண்டு லிமிட்டையும் அப்படியே தூக்கி இடம் மாற்றிப் போடுகிறார்கள். அப்போது வெளி லிமிட்டில் எக்ஸ் வந்து உட்கார்ந்துகொள்ளும், விடையிலும் எக்ஸ் மிஞ்சும். வெளி லிமிட் இரண்டும் எண்ணாகத்தான் இருக்க வேண்டும். அங்கே மாறி தென்பட்டால் பேனாவை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

இப்போது வரையுங்கள். ஒய் = எக்ஸ், ஒய் = 1, எக்ஸ் = 0 ஆகிய மூன்று கோடுகள். கிடைப்பது ஒரு முக்கோணம். முனைகள் (0,0), (0,1), (1,1). பரப்பை மெல்லிய பட்டைகளாக வெட்டிக் கூட்டுவதாக நினையுங்கள். கணக்கில் கொடுத்த ஆர்டர் செங்குத்துப் பட்டைகளுக்கானது. நமக்கு வேண்டியது கிடைப்பட்டை. அது இடப்பக்கம் எக்ஸ் = 0-இல் நுழைந்து எக்ஸ் = ஒய்-இல் வெளியேறும்; அப்படிப்பட்ட பட்டைகள் ஒய் 0 முதல் 1 வரை அடுக்கியிருக்கும். உள் இன்டக்ரல் முடிந்ததும் ஒய் இன்ட்டு இ பவர் ஒய் ஸ்கொயர் என்று வரும். ஒய் ஸ்கொயரை யு என்று வைத்தால் இரண்டே வரியில் விடை: (இ − 1)/2, ஏறத்தாழ 0.86. சரிபார்ப்பதும் எளிது. முக்கோணத்தின் பரப்பு 0.5, சார்பு அங்கே 1-க்கும் 2.72-க்கும் இடையில் இருக்கிறது. ஆகவே விடை 0.5-க்கும் 1.36-க்கும் நடுவில்தான் வந்தாக வேண்டும். இந்தச் சரிபார்ப்பைச் செய்பவர்கள் மிகக் குறைவு. அரை நிமிட வேலை இது.

அடிக்கடி வரும் இன்னொரு கணக்கு: எக்ஸ் 0 முதல் 1 வரை, ஒய் எக்ஸ் ஸ்கொயரிலிருந்து 2 − எக்ஸ் வரை, சார்பு எக்ஸ் ஒய். இதில் ஆர்டரை மாற்றினால் ஒரே இன்டக்ரல் இரண்டாகப் பிரியும். படம் இல்லாமல் இதைக் கண்டுபிடிப்பது கடினம். கிடைப்பட்டை வெளியேறும் இடம் ஒய் = 1-க்குக் கீழே பரவளையம், மேலே நேர்கோடு. கீழ்ப்பகுதியில் எக்ஸ் 0 முதல் ரூட் ஒய் வரை, மேல்பகுதியில் 0 முதல் 2 − ஒய் வரை. முதல் பகுதி 1/6, இரண்டாவது 5/24, கூட்டினால் 3/8. கொடுத்த ஆர்டரிலேயே போட்டாலும் 3/8 வரும். இரண்டு வழியிலும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். பத்து மாதிரிக் கணக்கை மனப்பாடம் செய்வதைவிட அது மேல்.

எக்ஸ், ஒய்க்குப் பதிலாக மையத்திலிருந்து தூரம் ஆர், கோணம் தீட்டா என்று எழுதும் போலாருக்கு மாறும்போது, பரப்புத் துண்டோடு பெருக்க வேண்டிய ஆர் என்ற ஜாகோபியனை விட்டுவிடுவது தெரிந்த தவறுதான். ஆனால் ஆரம் 2 உள்ள வட்டத்தின் பரப்பை வைத்து மட்டும் பழகாதீர்கள். ஆரை மறந்தாலும் அங்கே 4 பை என்றே வரும், தவறு கண்ணில் படாது. ஆரம் 3 எடுங்கள்: மறந்தால் 6 பை, சரியான விடை 9 பை. மையத்திலிருந்து தள்ளிப் போகப் போக அதே கோணத் துண்டு அகலமாகிறது. அந்த அகலம்தான் ஆர். இதையும் ஒரு படம் போட்டால் பிறகு மறக்காது.

ஒரு நிபந்தனைக்கு உட்பட்டுப் பெருமம், சிறுமம் காண லாம்டா என்ற பெருக்கியைச் சேர்க்கும் லக்ராஞ்ச் முறையில் வேறு வகைக் கோளாறு. எக்ஸ் ஸ்கொயர் + ஒய் ஸ்கொயர் = 1 என்ற நிபந்தனையில் எக்ஸ் ஸ்கொயர் + 2 ஒய் ஸ்கொயருக்குப் பெருமம், சிறுமம் கேட்டிருக்கிறார்கள் என்று வையுங்கள். கிடைக்கும் சமன்பாடுகள் 2 எக்ஸ் = 2 லாம்டா எக்ஸ், 4 ஒய் = 2 லாம்டா ஒய். முதல் சமன்பாட்டில் எக்ஸை அடித்தால் லாம்டா 1, இரண்டாவதில் ஒய்யை அடித்தால் லாம்டா 2. இரண்டும் மோதும், தீர்வே இல்லை என்று எழுதிவிட்டு வருகிறார்கள். பூஜ்யமாக இருக்கக்கூடியதால் வகுக்கக் கூடாது என்பதுதான் இங்கே விஷயம். எக்ஸ் = 0 எனில் மதிப்பு 2, அது பெருமம்; ஒய் = 0 எனில் 1, அது சிறுமம். வட்டத்தையும் அதைத் தொடும் நீள்வட்டங்களையும் வரைந்தால் நான்கு தொடுபுள்ளிகளும் அச்சுகளின் மேலேயே தெரியும்.

கேள்வித்தாள் தயாரிப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். 13 மதிப்பெண் கேள்வியில் படத்துக்கும் பட்டைக்கும் லிமிட்டுக்கும் சேர்த்து 6 மதிப்பெண்ணை வெளிப்படையாக ஒதுக்குங்கள். "பரப்பை வரைந்து, பட்டையைக் குறித்து" என்று கேள்வியிலேயே அச்சிடுங்கள். இன்டக்ரேட் செய்து தர இப்போது போனே போதும். பரப்பைப் பார்த்து லிமிட் எழுதுகிற வேலையைத்தான் மாணவரிடம் சோதிக்க வேண்டும். வகுப்பில் புரொஜெக்டர் இருந்தால் ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில் முப்பரிமாணப் படத்தைச் சுழற்றிக் காட்டுங்கள், இலவசம்தான். ஆனால் அதன் பிறகு பிள்ளைகள் கையால் ஒருமுறை வரையட்டும். தேர்வு அறையில் அவர்களிடம் இருக்கப்போவது பென்சிலும் ஸ்கேலும் மட்டும்தான்.