பயணப் பறவையின் கட்டுச்சோறு வயிற்றில் இல்லை

பட்டைவால் மூக்கன் என்ற வலசைப் பறவை தீனிப்பையில் இரையை நிரப்பிக்கொண்டு கிளம்பும், வழியெல்லாம் அதைக் கொஞ்சங்கொஞ்சமாகச் செரித்துக்கொண்டே பறக்கும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நிறையப் பேர் பகிர்ந்தும் இருக்கிறார்கள். கட்டுச்சோறு மாதிரி கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நடப்பது அப்படி இல்லை.

2022 அக்டோபரில் ஓர் இளம் மூக்கன் அலாஸ்காவிலிருந்து ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவுக்கு 11 நாளில் சுமார் 13,560 கி.மீ. இறங்காமல் பறந்தது. அதற்கான எரிபொருள் உடலில் சேர்ந்த கொழுப்பு. கிளம்புமுன் சேற்றுக்கரைகளில் புழுவும் சிப்பியுமாகத் தின்று தீர்த்து, எடையில் பாதிக்கு மேல் கொழுப்பாக மாற்றிக்கொள்கிறது. அப்புறம்தான் வேடிக்கை: அரைவைப்பை, குடல், ஈரல் எல்லாம் சுருங்கிவிடுகின்றன. வேலையில்லாத உறுப்பைச் சுமப்பானேன்! செரிக்கும் உறுப்பே சுருங்கிய பறவை வழியில் எதைச் செரிக்கும்?

சரிபார்ப்பது எளிது. அலாஸ்காவில் ரேடார் குவிமாடத்தில் மோதி இறந்த இளம் மூக்கன்களை அறுத்து அளந்த ஆய்வு, ‘தி ஆக்’ என்ற பறவையியல் இதழில் 1998ல் வந்தது, தேடிப் படிக்கலாம். ஆய்வுக்காகப் பறவையைப் பிடித்துக் காலில் வளையமிடுபவர்கள் யாரையாவது தெரிந்தால், நெஞ்சு இறகை ஊதி விலக்கிக் காட்டச் சொல்லுங்கள். வலசை நேரத்தில் கழுத்தடிக் குழியில் தோலுக்குக் கீழே மஞ்சளாகக் கொழுப்பு தெரியும். அதுவும் வேண்டாமென்றால் சமையலறைக்குப் போய் எண்ணெய், சர்க்கரை பாக்கெட்டுகளைத் திருப்பிப் பாருங்கள்: 100 கிராமுக்கு எண்ணெயில் சுமார் 900 கலோரி, சர்க்கரையில் சுமார் 400. எடை பார்த்துப் பறக்கும் பறவை எதைச் சுமக்கும் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.