தேரூர் குளத்துக்கரையில் பாட்டில் சில்லு

காலையில் எங்கள் நாய் மணியைத் தேரூர் குளத்துக்கரையில் கூட்டிப்போனால் என் கண் தரையைவிட்டு நகர்வதில்லை. எங்கும் உடைந்த பீர் பாட்டில்! நேற்று முன்னங்காலில் சில்லு ஏறிவிட்டது. பாதத்தின் நடுவே பச்சைக் கண்ணாடி, அது நக்க நக்க ரத்தம். வயிறு கலங்கிப்போச்சு.

2022-ல் இந்தச் சுசீந்திரம் தேரூர் ஈரநிலம், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தபோது எவ்வளவு சந்தோஷப்பட்டோம்! தண்ணீரில் கூழைக்கடா, தாமரை இலைமேல் நீள விரல் ஊன்றி நடக்கும் தாமரைக்கோழி. கரையில் இந்தக் குப்பை.

அப்புறம், "அவுத்து விடுங்க அண்ணே, ஓடட்டு" என்று ஒருவர். எப்படி விடுவது? நாய் பாய்ந்தால் அத்தனை பறவையும் எழும்பிவிடும். எங்கிருந்தோ பறந்து வந்து இரை தேட இறங்கியவை. சங்கிலியை நான் விடமாட்டேன். குடித்தவர்கள் அந்தப் பாட்டிலை எடுத்துப் போகக் கூடாதா?