மற்ற 27 பிள்ளைகளும் பாட வேண்டும்

தமிழ்த் தினப் போட்டி, வாணி விழா, ஒளி விழா, பரிசளிப்பு விழா. எங்கள் திருகோணமலையில் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளின் பாட்டும் ஆட்டமும் பெரும்பாலும் இந்த நாட்களை ஒட்டியே நடக்கின்றன. 35 பேர் இருக்கிற வகுப்பில் குரல் நல்லா இருக்கிற எட்டுப் பேரைப் பொறுக்கி, மூன்று கிழமை பழக்கி, மேடை ஏற்றினால் அந்த வருஷத்துச் சங்கீதம் முடிந்தது. மற்ற 27 பேரும் இருந்து கைதட்டுவார்கள். இது அந்தப் பிள்ளைகளுக்குச் செய்கிற அநியாயம்.

சங்கீதம், நடனம் போன்ற அழகியல் தனிப் பாடமாகத் தொடங்குவது தரம் 6இல். கல்லடி விபுலாநந்த அழகியல் கற்கைகள் நிறுவகத்தில் பட்டம் எடுத்து வருகிறவர்களும் பெரும்பாலும் அந்த வகுப்புகளுக்குத்தான் போகிறார்கள். ஆகவே தரம் 1 முதல் 5 வரை இது வகுப்பு ஆசிரியரின் கையில்தான் இருக்கிறது. “எனக்குச் சங்கீதம் தெரியாதே” என்று பின்வாங்காதீர்கள் ரீச்சர்மாரே. ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும்.

முதலில் தாளம். கொப்பியும் வேண்டாம், கரும்பலகையும் வேண்டாம். எங்கள் ஊர்ப் பெயர்களே சொற்கட்டு, தாளத்தை வாயால் சொல்கிற சொல். மூதூர் என்றால் தக. கிண்ணியா என்றால் தகிட. நிலாவெளி தகதிமி. தம்பலகாமம் தகதகிட. கிண்-ணி-யா என்று வாயில் பிரிகிற ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு தட்டு, எல்லாம் ஒரே அளவு. இரண்டு நாள் சொன்ன பிறகு சேர்த்துப் பாருங்கள்: மூதூர் கிண்ணியா, ஐந்து. அதே ஐந்து தம்பலகாமத்திலும் இருக்கிறது என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். கிண்ணியா, கிண்ணியா, மூதூர் என்றால் எட்டு. வகுப்பில் பாதிப் பேர் இதைச் சொல்ல, மற்றப் பாதி “நிலாவெளி, நிலாவெளி” என்று சொன்னால் இரண்டும் ஒரே இடத்தில் வந்து முடியும். அந்த இடத்தில் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும்! ஆதி தாளத்து விரல் எண்ணுவதை மட்டும் தரம் 1இல் தொடங்காதீர்கள். சுண்டுவிரலைத் தேடுகிற நேரத்தில் பாட்டுக் கைவிட்டுப் போகும்.

கைதட்டினால் வேகம் ஓடும். கையை அகல விரித்து முழுப் பலத்தோடு அடிக்கிறபோது உற்சாகம் கூடி, தட்டுகளுக்கு நடுவிலிருக்கிற இடைவெளி சுருங்கிப் போகிறது. உள்ளங்கையில் இரண்டு விரலால் தட்டச் சொல்லுங்கள், அல்லது நின்ற இடத்திலேயே நடக்க விடுங்கள். ஓட்டம் அடங்கும்.

இன்னொரு சிக்கல் எங்கள் பேச்சிலேயே இருக்கிறது. “மெதுவாப் பாடுங்கோ” என்றால் பாதிப் பிள்ளைகள் சத்தத்தைக் குறைக்கும், பாதி வேகத்தைக் குறைக்கும். இரண்டுக்கும் நாங்கள் ஒரே சொல்லைத்தானே சொல்கிறோம். வேகத்துக்கு “ஆறுதலா” என்றும் சத்தத்துக்குச் “சின்னக் குரலில்” என்றும் பிரித்துச் சொல்லிப் பழக்குங்கள். “குரலை உயர்த்து” என்பதும் அப்படித்தான். சுரத்தை மேலே கொண்டு போகச் சொன்னால் பிள்ளை கத்தும். அதற்கு உடம்பைக் காட்டுங்கள்: ச முழங்கால், ரி இடுப்பு, க நெஞ்சு, ப தோள், த தலை.

சுருதிதான் பெரிய பிழை நடக்கிற இடம். ஆறேழு வயதுப் பிள்ளைக்கு வசதியான குரல் நடு ஸ்தாயியில் 1 கட்டைக்கும் 6 கட்டைக்கும் நடுவே இருக்கிறது. கீபோர்ட்டில் நடு ‘சி’யிலிருந்து மேலே ஆறு வெள்ளைக் கட்டை. ஆகவே ஐந்து சுரத்துக்குள் நிற்கிற பாட்டுக்குச் சட்ஜத்தை, அதாவது ச சுரத்தை, 1 அல்லது 2 கட்டையில் வையுங்கள். பெண் ஆசிரியர்கள் தங்களுக்குப் பழகிய 5 கட்டையில் தொடங்கினால் கீழ்ச் சுரங்கள் பிள்ளைக்கு எட்டாது. ஆண் ஆசிரியர் பாடுவது இன்னும் கீழே, பிள்ளைகள் அதையும் பிடிக்கப் பார்த்துத் தொண்டையால் உறுமும். சேர்மார் கள்ளக்குரலில், மெல்லிய மேல் குரலில், பாடலாம், அல்லது நன்றாகப் பிடிக்கிற ஒரு பிள்ளையை முதலில் பாடவைத்து மற்றவர்களைப் பின்தொடரச் சொல்லலாம். காலைப் பிரார்த்தனையும் கவனிக்க வேண்டியது. 7ஆம் நூற்றாண்டில் சம்பந்தர் கோணேசர் மேல் பாடிய பதிகத்தைத் தொடங்கும்போது, முன்னுக்கு நிற்கிற பிள்ளையின் வாயில் எந்தச் சுரம் வந்ததோ அதுதான் எல்லாருக்கும் சுருதி. கைபேசியில் சுருதிப்பெட்டிச் செயலி இருக்கிறது. பத்து விநாடி ஒலிக்க விட்டுப் பிறகு தொடங்குங்கள்.

சிலர் கோபிக்கலாம், ஆனாலும் சொல்கிறேன்: தரம் 1இல் மாயாமாளவகௌளை இராகத்தில் சரளி வரிசை (சுரங்களை ஏறி இறங்கிப் பாடுகிற முதல் பயிற்சி) வேண்டாம். ச–ரி மிக நெருக்கம், அடுத்த ரி–க பெரிய பாய்ச்சல். ஆறு வயதுக் காது அந்த ரியை மேலே இழுத்துவிடும், அந்தப் பிழையே பழகியும் விடும். புரந்தரதாசர் வகுத்த முறையில் குறையில்லை. அதைத் தரம் 4, 5இல் வைத்துக்கொள்ளலாம். சின்னவர்களுக்கு மோகன இராகம். அதிலும் முதலில் ப–க இரண்டு சுரம் மட்டும். தூரத்தில் நிற்கிற ஆளை “அம்...மா” என்று இழுத்துக் கூப்பிடுகிற இறக்கம் அது, பிள்ளைக்குத் தானாகவே வரும். அந்த இரண்டு சுரத்தில் இடாப்புக் கூப்பிடுங்கள், பிள்ளையும் அதே சுரத்தில் பதில் சொல்லட்டும். பிறகு த, அதன் பிறகு ரி, ச.

“நீ வாயை மட்டும் அசை” என்று எந்தப் பிள்ளைக்கும் சொல்லாதீர்கள். தயவுசெய்து. சுரம் பிடிக்காத பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானவர்களுக்குக் காதில் குறையில்லை. பேச்சுக் குரலை விட்டுப் பாட்டுக் குரலுக்கு மாறத் தெரியவில்லை, அவ்வளவுதான். அம்புலன்ஸ் மாதிரிக் கீழிருந்து மேலே ஊளையிட வையுங்கள். பிள்ளை எந்தச் சுரத்தில் நிற்கிறதோ அங்கே நீங்கள் போய்ச் சேருங்கள், பிறகு இருவருமாக ஒவ்வொரு படியாக ஏறலாம். சில பிள்ளைக்கு ஒரு கிழமை, சிலருக்கு ஒரு தவணை எடுக்கும்.

பாட்டுப் பழக்கும்போது முழுப் பாட்டையும் மூன்று தரம் நீங்கள் பாடுங்கள். பிள்ளைகள் நடக்கட்டும், ஆடட்டும், பாட வேண்டாம். அதன் பிறகுதான் வரி வரியாக. அவர்கள் பாடும்போது நீங்கள் வாயை மூடிக் கேளுங்கள். கூடவே பாடினால் பிழை உங்கள் காதில் விழாது. ஒலிபெருக்கியில் பாட்டைப் போட்டு அதற்கு ஆடவிடுவதிலும் இதே கேடுதான். பிள்ளைக்குத் தன் குரல் கேட்காது, சுருதியும் வேகமும் பெரிய ஆளுக்கு வைத்தது.

வாத்தியத்துக்குக் காசு வேண்டாம். சிரட்டைச் சோடியின் விளிம்பைச் சீமெந்துத் தரையில் உரசி எடுங்கள். 500 மில்லிலீற்றர் போத்தலில் இரண்டு மேசைக்கரண்டி பயறு போட்டு மூடியை ஒட்டுநாடாவால் சுற்றுங்கள். பாதிக்கு மேல் நிரப்பினால் பயறு புரள இடமில்லாமல் சத்தம் செத்துவிடும். ஒரு நேரத்தில் ஆறு பேர் கையில் மட்டும் வாத்தியம், மற்றவர்கள் தொடையில் தட்டட்டும்.

கரைவலை இழுக்கிற அம்பாப் பாட்டு எங்கள் கரையிலேயே இருக்கிறது. ஒருவர் வரி சொல்ல மற்றவர்கள் “ஏலேலோ” என்று ஏற்பது, இரண்டு நிமிடத்தில் 35 பேரும் சேர்ந்துவிடலாம். ஆறு மீற்றர் கயிறொன்றின் ஒரு நுனியைத் தூணில் கட்டி, எல்லாரும் ஒரே பக்கம் நின்று, “ஏ”யில் இழுக்கட்டும். கோலாட்டமோ களிகம்போ பழக்குவதென்றால் வட்டத்தில் தொடங்காதீர்கள். காலும் கையும் இடமாற்றமும் ஒன்றாக வந்து குழம்பும். சோடியாக எதிரெதிரே இருந்து: தரை, தன் கம்பு, தரை, சோடியின் கம்பு. கம்பு முழங்கையிலிருந்து விரல் நுனிவரை இருந்தால் போதும், நீண்டால் முகத்தில் படும்.

நாடகத்தில் கதாநாயகனுக்கு இருபது வசனம், மிச்சப் பேர் மரம் என்ற கணக்கை விடுங்கள். வசனத்தை எடுத்துரைஞர் கூட்டமாக எல்லாரும் சொல்லலாம். ஆறு பேர் சேர்ந்து ஒரு தோணி, பத்துப் பேர் அலை, அடுத்த காட்சியில் மாறிக்கொள்ளட்டும். “வகுப்பு இரைச்சலாப் போச்சு” என்று அதிபர் வந்து நின்றால் காரணம் நாடகமில்லை, நிறுத்துகிற சைகை பழக்கப்படவில்லை. றபான் பறையில் ஒரு தட்டு விழுந்தால் எல்லாரும் சிலை. முதல் நாள் முழுக்க இதை மட்டும் பழக்குங்கள்.

தரம் 5 ஆசிரியர்கள் புலமைப்பரிசிலைச் சொல்வார்கள். அங்கேயும் இடைவேளை முடிந்து பிள்ளைகள் எப்படியும் அடங்காத அந்தப் பத்து நிமிடம் கிடைக்கும். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் தொண்டை காயும், பாட்டை முதலாம் பாடவேளைக்கு மாற்றித் தண்ணீர் குடிக்க விடுங்கள். மாரியில் தகரக் கூரையில் மழை கொட்டினால் பாட்டு எடுபடாது. அன்றைக்கு ஊர்ப் பெயர்களை வாயால் சொல்லாமல் காலால் மட்டும் மிதிக்கட்டும்.