13,800 வெள்ளி சைக்கிளுக்கு ஒரு ஸ்டாண்டு கூடக் கிடையாதா?

"ஸ்டாண்டு எங்கடா?"

13,800 மலேசிய வெள்ளி கொடுத்து வாங்கிய மின்சார மவுண்டன் பைக்கைப் பார்த்து அப்பா கேட்ட முதல் கேள்வி இதுதான். அதுவரைக்கும் நான் கவனிக்கவே இல்லை. பெட்டியைப் பிரித்து, ஹேண்டிலைத் திருப்பிப் பூட்டி, முன்னால் நின்று, பின்னால் நின்று, கைப்பேசியில் இருபது படம் எடுத்தாயிற்று. எல்லாப் படத்திலும் அது போர்ச் சுவரில் சாய்ந்துதான் நிற்கிறது. ஸ்டாண்டு இல்லை. மட்கார்டு இல்லை. பெல் இல்லை. கேரியரைப் பற்றிப் பேசவே வேண்டாம். பெடலாவது இருந்ததா என்றால் அதுவும் இல்லை ஐயா, பெடல் தனியாக 160 வெள்ளி. "நல்லா ஓட்டுறவங்க அவங்கவங்க பெடலத்தான் போட்டுக்குவாங்க பாஸ்" என்றான் கடைப் பையன். நான் எங்கே நல்லா ஓட்டுறவன்? சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு பாமாயில் ஆலையில் சார்ஜ்மேன், அதாவது மின்சாரம் பார்க்கிறவன். வயசு 47. இடது முட்டி தேய்ந்து போய், "நடக்காதீங்க, சைக்கிள் மிதிங்க" என்று டாக்டர் சொன்னதால் வந்தவன்.

சாதா சைக்கிள் வாங்கியிருக்கலாமே என்பீர்கள். வாங்கியிருக்கலாம். ஆனால் நான் பிறந்த தோட்டம் மேட்டில் இருக்கிறது. தொழிலாளர் லயத்தை உடைத்து, ரப்பரை வெட்டி, செம்பனை போட்டு, அந்தச் செம்பனையையும் வெட்டி மறுநடவு செய்துவிட்டார்கள், இருந்தாலும் அந்த மேடு அங்கேயேதான் இருக்கிறது. அதன் உச்சிக்கு ஏறி நின்றால் சுண்ணாம்புக் குன்றுகள் வரிசையாகத் தெரியும். இந்த முட்டியை வைத்துக்கொண்டு அதில் ஏற ஒரே வழி மோட்டார் வைத்த சைக்கிள். சரி, ஆசைதான். இன்றைக்கு நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி, அந்தக் கணக்கில் எட்டு மாதச் சம்பளத்தைக் கொண்டுபோய் ஒரு சைக்கிளில் போட்டவனை நீங்கள் திட்டுவதற்கு முன்னால் என் மனைவி திட்டிவிட்டாள், அதனால் அதை விடுங்கள்.

ஊரில் ஓர் ஆள் பாக்கியில்லை. ஒட்டுக்கடையில் பசியாற உட்கார்ந்தால் போதும், "எவ்வளவு?" சொன்னால், "இந்தக் காசுக்கு ரெண்டு புது கப்சாய் வாங்கி மிச்சத்துல பழனிக்குப் போய் வந்திருக்கலாமே லா!" கப்சாய் என்றால் சின்ன மோட்டார் சைக்கிள். அடுத்த ஆள், "இதுக்கு ரோடு டாக்ஸ் வேணாமா?" அதற்கும் நின்று பதில் சொல்ல வேண்டும். 2021 டிசம்பரில் மின் ஸ்கூட்டர் மாதிரிச் சின்ன வண்டிகளைச் சாலையில் ஓட்டக் கூடாது என்று தடை போட்டதிலிருந்து, பேட்டரி வைத்த எதைப் பார்த்தாலும் நம் ஆட்களுக்கு ஒரு சந்தேகம். இது மிதித்தால்தான் ஓடும் மாமா, மோட்டார் 250 வாட்டுதான், 25 கிலோமீட்டர் வேகம் தாண்டினால் தானாக நின்றுவிடும் என்று விளக்கி முடிப்பதற்குள் ரொட்டி சானாய் ஆறிப்போகிறது.

ஒன்று மட்டும் பொய் சொல்ல மாட்டேன். மேட்டில் இந்தச் சாமான் பேய் மாதிரி ஏறுகிறது. மோட்டார் நடுவில், பெடல் அச்சிலேயே இருக்கிறது. கால் எவ்வளவு அழுத்துகிறது என்று அளந்து, அதற்கேற்ற மாதிரி சங்கிலியை இழுக்கிறது. யாரோ பின்னால் வந்து முதுகில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருக்கும். முதல் நாள் உச்சியில் போய் நின்றபோது எனக்கு மூச்சு வாங்கவில்லை, கண்தான் கொஞ்சம் கலங்கியது. அதற்காகவே இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

சமதரையில் கதை வேறு. 25-ஐத் தொட்டதும் மோட்டார் கழன்றுகொள்ளும், அப்புறம் 24 கிலோ இரும்பும் பேட்டரியும் என் முட்டியும்தான். பெரிய சாலையில் பள்ளிக்கூடப் பையன் கப்சாயில் என்னைத் தாண்டிப் போகும்போது திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறான். போகட்டும், சட்டம் அப்படி. என் கோபம் அது இல்லை.

இரண்டாவது வாரம் பின்சக்கரத்தில் முள். செம்பனைத் தோட்டத்தில் ஓட்டுகிறவனுக்குத் தெரியும், வெட்டிப் போட்ட மட்டையின் அடிப்பக்கம் ரம்பம் மாதிரி இருக்கும், அதில் ஒன்று பக்கவாட்டில் ஏறிவிட்டது. உஸ்ஸென்று காற்று இறங்க, வெள்ளையாக ஏதோ பீய்ச்சி அடித்தது. தள்ளிக்கொண்டு பாசாருக்குப் பின்னால் இருக்கிற போமன் கடைக்குப் போனேன். முப்பது வருஷமாக மோட்டார் பார்க்கிறவர், நாங்கள் எல்லாரும் மாமா என்றுதான் கூப்பிடுவோம். காற்றடிக்கும் குழாயை எடுத்து வந்தார், வால்வில் வைத்தார், நிற்கவில்லை. மறுபடி வைத்தார். என்னைப் பார்த்தார். "என்ன மாப்ள, ஊசி மாதிரி இருக்கு?" பிரெஸ்டா வால்வாம். மெலிந்து நீண்ட குழாய், தலையில் ஒரு பொடி நட்டு, அதைத் திருகித் தளர்த்தினால்தான் காற்று ஏறும். காருக்கும் மோட்டாருக்கும் உள்ள வால்வு வேறு, பழைய சைக்கிள் வால்வு வேறு, இது வேறு. ஊரில் இருக்கிற எல்லாக் காற்றுக் குழாயும், பெட்ரோல் நிலையத்தில் உள்ளது உட்பட, இதற்குப் பொருந்தாது. பொருத்துவதற்கு விரல் நுனி அளவில் ஒரு பித்தளைத் துண்டு இருக்கிறது, விலை மூன்று வெள்ளி. 13,800 வெள்ளி வாங்கியவனுக்கு அந்தத் துண்டு ஒன்றைப் பெட்டியில் போட்டுக் கொடுக்கக் கை வரவில்லை.

அந்த வெள்ளைத் திரவத்தின் கதையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். டயருக்குள் டியூப் இல்லை, அதற்குப் பதில் இந்தத் திரவத்தை ஊற்றிவிட்டால் சின்ன ஓட்டைகளைத் தானே அடைத்துக்கொள்ளுமாம். வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும், சில மாதத்துக்கு ஒரு முறை புதிதாக ஊற்ற வேண்டும். ஒரு பாட்டில் 65 வெள்ளி. தபாலில் வந்ததை நான் போர்ச்சில் உட்கார்ந்து திறந்தேன், அப்பா உள்ளே நாற்காலியில் இருந்தார். மூடியைக் கழற்றினதுதான் தாமதம், உள்ளிருந்தே குரல் வந்தது. "எவன்டா பால் கொண்டாந்தது?" எழுந்து வந்து பாட்டிலை வாங்கி மூக்கருகில் வைத்தார், ஒரு சொட்டைக் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் வைத்துத் தேய்த்தார், தேய்க்கத் தேய்க்க அது நூல் மாதிரித் திரண்டு வந்தது. "நம்ம பால்தான்டா இது. உறையாம இருக்க அமோனியா போட்டிருக்கான்." முப்பத்தெட்டு வருஷம் விடியற்காலையில் எழுந்து மரம் சீவிய விரல் அது, அதற்கு லேபல் படிக்க வேண்டியதில்லை. பாட்டில் எங்கிருந்தோ சுற்றி வந்திருக்கிறது, உள்ளே இருப்பது ரப்பர் பால். விலையைச் சொன்னேன். அப்பா ஒன்றும் சொல்லாமல் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். எனக்குத்தான் அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

இதெல்லாம் கூடப் பொறுத்தேன். போன சனிக்கிழமை நடந்ததுதான் இந்தக் குமுறலுக்குக் காரணம்.

காலை ஏழு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பி, தோட்டத்துக்குள் நாலைந்து கிலோமீட்டர் போயிருப்பேன். கீழே கிடந்த மட்டைத் துண்டு ஒன்று சக்கரத்தில் மாட்டி டர்ரென்று சத்தம் போட்டு வெளியே விழுந்தது. அடுத்த நிமிஷம் திரையில் ஒரு சிவப்பு முக்கோணம், பக்கத்தில் மூன்று இலக்க எண். மோட்டார் படுத்துவிட்டது. அணைத்துப் போட்டேன், அதே எண். பேட்டரியைக் கழற்றி மாட்டினேன், அதே எண். அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று அவர்களுடைய செயலியில் பார்க்கலாமாம். செயலியைத் திறந்தால், மறுபடி உள்நுழையச் சொல்கிறது. தோட்டத்துக்குள் லைன் ஏது? மிதிக்கலாம்தான், இறக்கத்தில் மிதித்தேன், மேட்டில் இறங்கித் தள்ளினேன். 24 கிலோவைச் செம்மண் சாலையில் தள்ளிப் பாருங்கள், தெரியும். முதுகெல்லாம் சேறு, மட்கார்டுதான் இல்லையே.

தள்ளும்போது தாத்தா சொன்ன கதை ஞாபகம் வந்தது. 1941 டிசம்பர் கடைசியில் ஜப்பான்காரன் கோலகங்சாரிலிருந்து ஈப்போவுக்கு இறங்கியது எங்கள் ஊர் வழியாகத்தான், பாதிப் பட்டாளம் சைக்கிளில். டயர் வெடித்தால் நிற்க மாட்டானாம், டயரைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் ரிம்மில் ஓட்டிக்கொண்டு போவானாம், அந்தச் சத்தம் தூரத்திலிருந்து கேட்டால் டாங்கி வருகிற மாதிரி இருக்குமாம். மலாயாவில் கால் வைத்த எழுபதே நாளில் சிங்கப்பூர் விழுந்தது. அதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஜப்பான் சைக்கிள்கள் போருக்கு முன்பே மலாயாவில் விற்றுக்கொண்டிருந்தன, அதனால் உதிரிபாகம் வழியில் எந்த ஊரிலும் கிடைத்தது. எதிரிப் பட்டாளத்துக்கே சுங்கை சிப்புட்டில் உதிரிபாகம் கிடைத்திருக்கிறது, காசு கொடுத்து வாங்கிய எனக்குக் கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து கடைக்குப் போன் போட்டேன். கடை கிள்ளான் பள்ளத்தாக்கில், இங்கிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல். "வண்டியைக் கொண்டாங்க பாஸ், கம்ப்யூட்டர்ல மாட்டித்தான் பார்க்கணும்." எண்ணைச் சொல்கிறேன் தம்பி, என்ன கோளாறு என்று மட்டும் சொல்லுங்கள். "அது போன்ல சொல்லக் கூடாது பாஸ்." சோதனைக்கு 120 வெள்ளி. இடம் காலியாக இருப்பது இரண்டு வாரம் கழித்து. "அதுவரைக்கும் யாரையும் திறக்க விடாதீங்க, வாரண்டி போயிரும்." தினமும் 415 வோல்ட்டு போர்டைத் திறந்து மூடுகிறவனிடம், சைக்கிளைத் தொடாதே என்கிறான். கையேட்டைப் புரட்டினேன். இருபதுக்கு மேல் மொழி, அதில் மலாய் இல்லை, தமிழை நான் தேடவும் இல்லை. ஆங்கிலத்தில் அந்த எண்ணுக்கு நேரே ஒரே வரி: விற்பனையாளரை அணுகவும். எல்லா எண்ணுக்கும் அதே வரிதான்.

ஞாயிற்றுக்கிழமை, வயிற்றெரிச்சல் தாங்காமல் சும்மா புலம்பத்தான் மாமா கடைக்குக் கொண்டுபோனேன். அவர் பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, குனிந்து பார்த்து, "இந்தக் கம்பியில கறுப்பா குண்டுமணி மாதிரி ஒண்ணு தொங்குதே, எதுக்கு மாப்ள?" என்றார். என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. காந்தம்! சக்கரக் கம்பியில் ஒரு காந்தம், ஃபிரேமில் அதற்கு எதிரே ஒரு சென்சார், ஒரு சுற்றுக்கு ஒரு முறை காந்தம் தாண்டிப் போவதை எண்ணித்தான் வண்டி வேகத்தைக் கணக்குப் போடுகிறது. வேகம் தெரியாவிட்டால் 25-ல் நிறுத்த முடியாது, அதனால் மோட்டாரை அணைத்துவிடுகிறது. மட்டை அடித்ததில் காந்தம் நாலு விரல் கீழே சரிந்திருக்கிறது, அவ்வளவுதான். எங்கள் ஆலையில் இதே மாதிரி சென்சாரை நான் மாதத்துக்குப் பத்து மாற்றுகிறேன், எனக்கே தோன்றவில்லை, ஏனென்றால் தொடாதே தொடாதே என்று சொல்லிச் சொல்லி என்னைப் பயந்தவனாக்கி வைத்திருந்தார்கள். மாமா ஸ்க்ரூடிரைவரால் ஒரு திருகைத் தளர்த்தி, காந்தத்தை மேலே தள்ளி, சென்சாருக்கு நேராக முடுக்கினார். அணைத்துப் போட்டேன். எண் போயிற்று. கூலி ஒரு தே தாரிக், அதையும் குறைச்சல் சீனி போடச் சொல்லி வாங்கிக் குடித்தார்.

இதைத்தான் போனில் சொல்லக் கூடாதாம். "பின்சக்கரக் காந்தத்தைப் பாருங்கள்" என்று திரையில் எழுத எவ்வளவு இடம் பிடிக்கும்? வானிலை காட்ட இடம் இருக்கிறது, நான் எத்தனை கலோரி எரித்தேன் என்று காட்ட இடம் இருக்கிறது, இதற்கு மட்டும் எண்ணும் முக்கோணமும். 1970-களில் கலிபோர்னியாவில் நாலு பையன்கள் பழைய சைக்கிள்களைப் பொறுக்கி, மலையிலிருந்து இறக்கி ஓட்டி, பிரேக் சூட்டில் கிரீஸ் உருகி ஓட, ஒவ்வொரு இறக்கத்துக்கும் அச்சைக் கழற்றி மறுபடி கிரீஸ் அடைத்து, அப்படிக் கையெல்லாம் கறுப்பாகப் பிறந்த சாமான்தான் இந்த மவுண்டன் பைக். அதன் பேரனை விற்கிறவன் என் கையைத் தட்டிவிடுகிறான். கோளாறு பெரியதாக இருந்தால் கொண்டு வா என்று சொல், வருகிறேன். பேட்டரியைத் திறக்காதே என்றால் அது நியாயம், லிதியம் விளையாட்டுச் சாமான் இல்லை. ஒரு காந்தத்தைக் கூடவா தாவ்கே முதலாளி வீட்டுப் பெட்டகம் மாதிரிப் பூட்டி வைப்பீர்கள்?

நேற்று கடையிலிருந்து செய்தி வந்தது. "பாஸ், உங்க தேதி உறுதி, 120 வெள்ளி முன்பணம் கட்டிடுங்க." சரியாகிவிட்டது, காந்தம்தான் என்று எழுதினேன். "ஓ, அதுவா பாஸ், அது அடிக்கடி நடக்கும்" என்று பதில், பக்கத்தில் ஒரு சிரிப்பு. அடிக்கடி நடக்குமாம்! பத்து நிமிஷம் கைப்பேசியை முறைத்துப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, அப்புறம் இதற்குப் பொருந்துகிற ஸ்டாண்டாவது இருக்கிறதா என்று கேட்டேன். பின்னாலும் சஸ்பென்ஷன் இருக்கிற மாடலாம், போட முடியாதாம்.

அப்பா ரம்புத்தான் மரத்தில் ஒரு கவட்டைக் கிளையை அளவு பார்த்து வெட்டி, சீட்டுக்கு அடியில் முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறார். இதுவரை விழவில்லை.