கிட்டப்பாவுக்குப் பிறகும் 47 ஆண்டுகள்

பாடகியும் நடிகையுமான கே.பி. சுந்தராம்பாளின் படத்தை யாராவது முகநூலில் பகிர்ந்தால், அதன் கீழே வருவது பெரும்பாலும் ஒரே கதைதான். அவரும் நாடக நடிகர் எஸ்.ஜி. கிட்டப்பாவும் காதலித்தார்கள், கிட்டப்பா இளம் வயதில் இறந்துபோனார், சுந்தராம்பாள் 25 வயதில் வெள்ளைப் புடவை உடுத்தி வாழ்நாள் முழுவதும் அப்படியே இருந்தார். படிப்பவர்கள் கண்கலங்குகிறார்கள், கைகூப்பும் படங்களைப் போடுகிறார்கள். அதோடு முடிகிறது.

இந்தக் கதையில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் இருவரும் சேர்ந்து மேடையில் நின்ற காலம் 1926 முதல் 1933 வரை, ஏழு ஆண்டுகள். அதன் பிறகு சுந்தராம்பாள் 47 ஆண்டுகள் உயிரோடு இருந்தார். அந்த 47 ஆண்டுகளில் அவர் செய்த வேலை எங்கே போயிற்று? ஒரு கலைஞரை அவர் யாருக்காக அழுதார் என்பதை மட்டும் வைத்து நினைவில் நிறுத்துவது அவருக்குச் செய்யும் அநியாயம் என்றே நான் நினைக்கிறேன்.

1908இல் காவிரிக்கரைக் கொடுமுடியில் பிறந்தவர். பெயருக்கு முன்னால் இருக்கும் 'கே' ஊர், 'பி' அம்மா பாலாம்பாள். கடும் வறுமை. ரயிலில் பாடிக் காசு வாங்கிய சிறுமியின் குரலை யாரோ கேட்டு நாடகத்துக்கு அழைத்துச் சென்றார்கள் என்பது எல்லோரும் சொல்லும் செய்தி. அந்த 'யாரோ' யார் என்பதில்தான் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். முதலில் ஏறிய வேடம் நல்லதங்காள் நாடகத்தில் பசியால் அழும் பிள்ளை. பசி என்றால் என்னவென்று அந்தக் குழந்தைக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்திருக்காது.

அன்றைய நாடக மேடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் சுந்தராம்பாளைப் பற்றிப் பேச முடியாது. பாய்ஸ் கம்பெனி எனப்பட்ட சிறுவர் நாடகக் குழுக்களில் சிறுவர்கள்தான் பெண் வேடமும் கட்டினார்கள். இன்னொரு பக்கம் 'ஸ்பெஷல் நாடகம்' இருந்தது. காண்டிராக்டர் ஓர் ஊரிலிருந்து ராஜபார்ட்டையும் (கதாநாயகன்), இன்னோர் ஊரிலிருந்து ஸ்திரீபார்ட்டையும் (கதாநாயகி), வேறோர் ஊரிலிருந்து பபூனையும் (கோமாளி) தனித்தனியாகப் பேசி அழைத்து வருவார். சேர்ந்து ஒத்திகை பார்ப்பது என்ற பேச்சே கிடையாது. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டும் வசனமும் எல்லோருக்கும் மனப்பாடம். மற்றதெல்லாம் மேடையில் அந்த நேரத்தில் பிறக்க வேண்டும். வள்ளி திருமணத்தில் வேடனாக வரும் முருகனும் தினைப்புனம் காக்கும் வள்ளியும் தர்க்கம் செய்யும் இடம் வந்தால் அது நிஜமான போட்டி. எதிரில் நிற்பவர் எந்த ராகத்தில் எந்தக் கேள்வியை வீசுவார் என்று முன்கூட்டித் தெரியாது. பதில் சொல்லத் தெரியாமல் நின்றால், விடிய விடிய உட்கார்ந்திருக்கும் கூட்டம் சும்மா விடாது. மைக் கிடையாது. திறந்தவெளிக் கொட்டகையில் கடைசியில் தரையில் உட்கார்ந்திருப்பவன் காதிலும் சொல் தெளிவாக விழ வேண்டும். ஹார்மோனியத்தின் உயர்ந்த கட்டையில் (சுருதியில்) நின்று, ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கி விடிகாலை வரை பாட வேண்டும்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்த குரல் அது. சினிமாவில் 'பழம் நீயப்பா' கேட்கும்போது நாம் மெய்சிலிர்ப்பதற்குப் பக்தி மட்டும் காரணமில்லை. ழகரமும் ளகரமும் லகரமும் தனித்தனியாக வந்து விழுகின்றன. உச்ச ஸ்தாயிக்குப் போகும்போது குரல் மெலிவதே இல்லை, சொல் சிதைவதே இல்லை. தெய்வ அருள் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அருள் இருக்கட்டும், ஆயிரம் ராத்திரிகளின் உழைப்பும் அதில் இருக்கிறது என்று யாராவது சொல்ல வேண்டாமா?

இளம் வயதிலேயே இலங்கைக்குப் போய் நாடகம் ஆடினார். கிட்டப்பாவோடு மேடையில் ஜோடி சேர்ந்ததும் கொழும்பில்தான். செங்கோட்டைக் கிட்டப்பாவின் குரலுக்கு ஈடுகொடுத்துப் பாடும் பெண் அன்று மேடையில் வேறு யாரும் இல்லை என்றார்கள். கிட்டப்பாவின் அண்ணன் காசி ஐயர் ஹார்மோனியம் வாசிக்க, இருவரும் ஊர் ஊராகப் போய் ஆடினார்கள். 1927இல் திருமணம் நடந்தது. கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே ஒரு மனைவி உண்டு. சுந்தராம்பாள் கிட்டப்பாவுக்கு எழுதிய கடிதங்கள் பின்னாளில் வெளிவந்தன. அவற்றில் தெரிகிற பெண்ணுக்கு அன்பும் உண்டு, கோபமும் உண்டு, தனக்கு நியாயம் கேட்கும் துணிவும் உண்டு. 1933 டிசம்பரில் 27 வயதில் கிட்டப்பா இறந்தார்.

பகிரப்படும் பதிவுகள் நின்றுவிடுவது இங்கேதான். எனக்கு முக்கியமாகப் படும் கதை தொடங்குவதும் இங்கேதான்.

இனி எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று அவர் முடிவெடுத்தார். அது துக்கத்தில் எடுத்த முடிவு. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒரு நடிகைக்கு அதன் பொருள் என்ன என்று யோசித்துப் பாருங்கள். வள்ளியாக வர முடியாது. கோவலன் நாடகத்தில் கண்ணகியோ மாதவியோ ஆக முடியாது. அன்றைய நாடகங்களில் பெண்ணுக்கென்று இருந்த பெரிய வேடங்கள் எல்லாம் ஒரே நாளில் கைவிட்டுப் போயின. பலர் அத்தோடு வீட்டுக்குள் முடங்கியிருப்பார்கள். இவர் ஆண் வேடம் கட்டிக்கொண்டு நந்தனாராக மேடைக்குத் திரும்பினார்.

1935இல் அதே நந்தனார் வேடம் அவரைச் சினிமாவுக்குக் கொண்டுவந்தது. சினிமாவில் நடிக்க அவருக்கு விருப்பம் இல்லை. கேட்க வந்த தயாரிப்பாளரைத் திருப்பி அனுப்புவதற்காகவே ஒரு லட்சம் ரூபாய் என்று சொன்னாராம். தயாரிப்பாளரோ சரி என்று ஒப்புக்கொண்டுவிட்டாராம். 1935இல் ஒரு லட்சம்! எந்த ஆண் நட்சத்திரமும் அன்று கனவில்கூடக் கேட்டிராத தொகை. நந்தனாரின் எஜமானரான வேதியராக நடித்தவர் சங்கீத வித்வான் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர். படத்தைப் பார்த்துவிட்டு எழுத்தாளர் கல்கி, பனைமரமும் எருமையும் நடிகர்களைவிட நன்றாக நடித்திருக்கின்றன என்ற பொருளில் எழுதினார். சுவையான கிண்டல்தான், இன்றும் மேற்கோளாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் கொட்டகையின் கடைசி வரிசைக்காகப் பழகிய உடம்பு, முகத்துக்கு ஒரு முழம் தள்ளி நிற்கும் கேமரா முன்னால் உடனே இயல்பாக வந்துவிடுமா? அந்த இடைவெளியைக் கடக்கத் தமிழ் நாடகக்காரர்கள் எல்லோருக்குமே காலம் பிடித்தது. சுந்தராம்பாள் அதை எப்படிக் கடந்தார் என்று பின்னால் வந்த படங்களைப் பார்த்தால் தெரியும்.

1940இல் மணிமேகலை. அதற்குப் பிறகு திரையில் நீண்ட இடைவெளி. அந்த இடைவெளியில் அவர் சும்மா இருக்கவில்லை. காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தியின் தூண்டுதலில் காங்கிரஸ் மேடைகளில் பாடினார், கதர் உடுத்தினார். தேசியப் பாடல்களை இசைத்தட்டுகளிலும் பாடியிருந்தார். தலைவர் பேசுவதற்கு முன் சுந்தராம்பாள் பாடுவார் என்றால் அந்தப் பாட்டுக்காகவே கூட்டம் சேர்ந்தது. 1951இல் சென்னை மாகாண சட்ட மேலவை உறுப்பினரானார். இந்தியாவில் சட்டமன்றத்துக்குள் நுழைந்த முதல் திரைக்கலைஞர் என்று அவரைத்தான் குறிப்பிடுகிறார்கள். நடிகர்கள் அரசியலுக்கு வருவதைப் பற்றி இத்தனை விவாதம் நடக்கும் மாநிலத்தில் அந்தத் தொடக்கம் ஒரு பெண் என்பதை நாம் ஏன் ஒருமுறைகூடப் பேசுவதில்லை என்பது எனக்குப் புரிவதே இல்லை.

1953இல் ஜெமினி வாசன் எடுத்த ஔவையார் வந்தது. அப்போது சுந்தராம்பாளுக்கு 45 வயது. கதாநாயகன் இல்லை, காதல் இல்லை. கோலூன்றி ஊர் ஊராக நடந்து பாடும் ஒரு கிழவிதான் படம் முழுக்க. அதைப் பிரம்மாண்டமாக எடுத்தார்கள், மக்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். இன்று 45 வயது நடிகைக்கு எப்படிப்பட்ட வேடங்கள் கிடைக்கின்றன என்பதை நினைத்துக்கொண்டு இந்த வரியை மறுபடியும் படித்துப் பாருங்கள்.

1964இல் பூம்புகாரில் கவுந்தியடிகள். காங்கிரஸ்காரரும் முருக பக்தருமான அவர், மு. கருணாநிதியின் வசனத்தில் சமணத் துறவியாக நடித்தார். தெய்வம் எங்கே போய்விட்டது என்று கேட்கும் வரியைப் பாட மாட்டேன் என்று அவர் சொன்னதாகவும், அவருக்காக அந்த வரி மாற்றப்பட்டதாகவும் சொல்வார்கள். எனக்கு அதில் பிடித்தது இரு தரப்பும் நடந்துகொண்ட விதம். தன் நம்பிக்கைக்கு எதிரான சொல்லைப் பாட மறுக்கும் உரிமை தனக்கு உண்டென்று அவருக்குத் தெரிந்திருந்தது. எழுதியவருக்கும் அந்தக் குரலின் மதிப்பு தெரிந்திருந்தது. 1965இல் திருவிளையாடல். மாம்பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு போன முருகனிடம் ஔவை பேசும் காட்சியில், கெஞ்சலும் கண்டிப்பும் பாட்டி பேரனை வம்புக்கிழுக்கும் குறும்பும் அடுத்தடுத்து அந்த முகத்தில் வந்து போவதைப் பாருங்கள். கல்கி கிண்டல் செய்த நடிகையா இவர்?

1969இல் துணைவன் படத்துக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது கிடைத்தபோது அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. அடுத்த ஆண்டு பத்மஸ்ரீ. 1973இல் காரைக்கால் அம்மையாரில் இளம்பெண் புனிதவதியாக லட்சுமி நடிக்க, பேயுருக் கொண்ட அம்மையாராக இவர் வந்தார்.

இந்த வேடங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். நந்தனார், மணிமேகலை, ஔவையார், கவுந்தியடிகள், காரைக்கால் அம்மையார். இல்லறத்துக்கு வெளியே நின்றவர்கள், அல்லது இல்லறத்தை உதறிவிட்டு நடந்தவர்கள். ஊர்ச் சாலைகளில் தனியாகப் போனவர்கள். அரசனிடமும் ஆண்டவனிடமும் நேருக்கு நேர் பேசியவர்கள். தமிழ் இலக்கியத்தில் இப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதே சுந்தராம்பாளின் வழியாகத்தான் எனக்கு உறைத்தது. ஒருத்தி தனக்குத்தானே ஒரு கதவைச் சாத்திக்கொண்டாள் என்றுதான் நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். சாத்திய கதவுக்கு வெளியே அவர் கட்டியெழுப்பிய உலகம், எந்தக் கதாநாயகிக்கும் வாய்க்காத அளவு பெரியது. கொடுமுடியில் சொந்தமாக ஒரு தியேட்டரும் கட்டினார். ரயிலில் பாடிய சிறுமி அதே ஊரில் தியேட்டர் முதலாளி ஆனார். 1980இல் மறைந்தார்.

அவரைத் தெய்வப் பிறவி என்று வணங்குகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. கோவில் திருவிழா ஒலிபெருக்கியில் விடியற்காலையில் அந்தக் குரல் எழும்பும்போது நானும் நின்று கேட்பவன்தான். என் ஆதங்கம் வேறு. அவர் சம்பளம் பேசிய விதம், வேடங்களைத் தேர்ந்தெடுத்த விதம், மேலவையில் இருந்த காலம், மூச்சை அடக்கி விருத்தம் பாடிய நுட்பம், இவற்றையெல்லாம் நாடகம் படிக்கும் மாணவர்களும் பாட்டுப் படிக்கும் பிள்ளைகளும் பாடமாகப் படிக்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் அவருடைய பழைய இசைத்தட்டுப் பதிவுகள் பலவற்றில் ஆண்டு இல்லை, பக்கவாத்தியம் வாசித்தவர் பெயர் இல்லை, பாட்டு எந்த நாடகத்தைச் சேர்ந்தது என்ற குறிப்பும் இல்லை. பழைய தட்டுகளைச் சேர்த்து வைத்திருப்பவர்கள் இந்தப் பதிவைப் பார்த்தால், உறையிலும் தட்டின் நடுவிலும் அச்சிட்டிருப்பதை அப்படியே படம் எடுத்துப் போடுங்கள். பாட்டை மட்டும் ஏற்றிவிட்டு மற்றதை விட்டுவிடாதீர்கள்.