ஊற்றாதீர்கள் என்றால் ஊற்றாதீர்கள்!

நான்கு நாள். வெறும் நான்கு நாள்தான் நான் வீட்டில் இல்லை. திரும்பி வந்ததும் பையைக்கூட இறக்காமல் நேராக ஜன்னலோரம் போனேன். என் மெடினில்லா பூச்செடியின் மொட்டுகள் எல்லாம் தரையில் கிடக்கின்றன. கூட்டி அள்ளினால் ஒரு கைப்பிடி தேறும். தொட்டியை அசைத்துப் பார்த்தேன், அம்மிக்கல் போல் கனக்கிறது. அழகுக்காக வெளியே மாட்டியிருக்கும் பீங்கான் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தால் பாதி உயரத்துக்குத் தண்ணீர். தவளை ஒன்றுதான் குறை.

"யார் ஊற்றியது?"

"நான்தான். வெயில் அடிச்சுது, பாவமா இருந்துச்சு" என்கிறார் அம்மா. "நானும் சாயங்காலம் ஊத்தினேன்" என்கிறான் தம்பி, நல்ல பெயர் வாங்கும் குரலில். நடுவில் வந்துபோன மாமா தன் பங்குக்கு ஒரு சொம்பு. இத்தனைக்கும் கிளம்பும்போது தொட்டியின் மேலேயே கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டிவிட்டுத்தான் போனேன்: தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஏன் படிக்கவில்லை என்று கேட்டால், "படிச்சோம். ஆனா செடியாச்சே, தண்ணி இல்லாம எப்படிடா இருக்கும்?"

எப்படி இருக்கும் என்றா கேட்கிறீர்கள்? சொல்கிறேன், உட்காருங்கள்.

இந்தச் செடியின் சொந்த ஊர் பிலிப்பைன்ஸில் உள்ள லூசோன் தீவு. அங்கே ஈர மலைக்காட்டில் பெரிய மரங்களின் கிளைக்கவட்டில் தொற்றிக்கொண்டு வளரும் புதர் இது. புல்லுருவி மாதிரி மரத்தின் சாற்றைத் திருடாது. உட்கார இடம் மட்டும் கேட்கும். வேருக்குக் கீழே மண்ணே கிடையாது. பட்டை, பாசி, உதிர்ந்த இலைக் குப்பை, அவ்வளவுதான். மழை கொட்டும், வேர் முழுக்க நனையும், அடுத்த நிமிடமே எல்லாம் வழிந்து ஓடிவிடும். அப்புறம் காற்று வந்து துடைத்துவிடும். அந்த வேருக்குத் தண்ணீர் எவ்வளவு முக்கியமோ காற்றும் அவ்வளவு முக்கியம். அதைக் கொண்டுவந்து ஒரு தொட்டிக்குள் இறக்கி, அடியில் குளம் கட்டி, மேலே மூன்று பேர் முறைவைத்து ஊற்றினால் அது என்னதான் செய்யும்?

உயிரினப் பட்டியலில் நம் காயாம்பூவும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். திருமாலின் நிறத்துக்கு உவமை சொல்வோமே, அதே காயா. அது பாறையிலும் புதரிலும் தன்பாட்டுக்குப் பிழைத்துக்கொள்ளும். பங்காளி உறவு இருக்கிறதே தவிர இதற்கு அந்தக் குணம் துளியும் வரவில்லை.

எனக்கு உண்மையில் வயிற்றெரிச்சல் எதில் என்றால், அந்த வாட்டத்தைப் படிக்கத் தெரியாததில்தான். நீர் தேங்கினால் வேருக்கு மூச்சு முட்டும். மூச்சு முட்டிய வேர் அழுகும். அழுகிய வேரால் தண்ணீரை இழுக்க முடியாது. ஆக, செடி தண்ணீருக்குள்ளேயே நின்றுகொண்டு தாகத்தில் வாடும். இலை தொங்கும், தண்டு துவளும், பார்ப்பதற்கு அப்படியே காய்ந்துபோன செடி மாதிரியே இருக்கும். உடனே நம்மவர்கள் என்ன செய்வார்கள்? "அய்யோ வாடிப்போச்சே" என்று இன்னும் ஒரு சொம்பு. மறுநாள் இன்னும் தொங்கும். இன்னும் ஒரு சொம்பு. முங்கிக்கொண்டிருப்பவன் வாயைத் திறந்து தண்ணீர் புகட்டுகிற வேலை இது. விரலை ஒரு அங்குலம் உள்ளே விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும், அல்லது தொட்டியைத் தூக்கிப் பார்த்தால் கனத்திலேயே தெரிந்துவிடும். சொம்பைத் தூக்கத் தெரிந்த கைக்குத் தொட்டியைத் தூக்கத் தெரியாதா?

மொட்டு உதிர்ந்ததற்குத் தண்ணீர் மட்டும் காரணமில்லை என்பது இரவுதான் தெரியவந்தது. கொத்து ஜன்னலைப் பார்த்துத் தொங்கியது. வருகிறவர்களுக்குத் தெரியவில்லையாம். அதனால் தொட்டியை அரைவட்டம் திருப்பி, அப்புறம் கூடத்துக்கே தூக்கிப்போய், இரண்டு நாள் காட்சிக்கு வைத்துவிட்டு, "நீ திட்டுவேன்னு" பழைய இடத்துக்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். மொட்டு கட்டின மெடினில்லாவை நகர்த்தவே கூடாது. ஒளி வரும் திசை மாறினாலும், அறையின் ஈரப்பதம் சட்டென்று குறைந்தாலும் பொலபொலவென்று உதிர்த்துவிடும். நான் அதன் முன்னால் நடக்கும்போதே மெதுவாகத்தான் நடப்பேன், இவர்கள் ஊர்வலம் விட்டிருக்கிறார்கள்.

அந்த மொட்டு எப்படி வந்தது என்றாவது யாருக்காவது தெரியுமா? மூன்று வருடம். முதல் வருடம் வாங்கும்போது இருந்த பூவோடு சரி. இரண்டாம் வருடம் இலை இலையாகத் தள்ளியது, ஒவ்வொன்றும் ஓரடி நீளம், வெளிறிய நரம்பு ஓடும் தடித்த இலை. பூ மட்டும் இல்லை. போகிறவர் வருகிறவர் எல்லோரும் "ஏன் இன்னும் பூக்கலை?" என்றார்கள், கல்யாணமாகி வருடமான பெண்ணிடம் கேட்கிற அதே குரலில். அப்புறம்தான் விஷயம் பிடிபட்டது. குளிர்ந்த மாதங்களில் இதற்குச் சில வாரம் ஓய்வு வேண்டும். 15 முதல் 17 டிகிரி செல்சியஸ் அளவில், வெளிச்சமான இடத்தில், தண்ணீரை நன்றாகக் குறைத்து, உரமே போடாமல் விட்டுவிட வேண்டும். பூங்காம்பு எட்டிப் பார்த்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரைக் கூட்டலாம். அந்த ஓய்வு வாரங்களில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். "செடியைப் பட்டினி போடறான்" என்று உறவு முழுக்கப் பேச்சு. பட்டினி போட்டதால்தான் மொட்டு வந்தது. வந்தவுடன் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள்.

விற்கிறவர்களையும் விடுவதாக இல்லை. செடியோடு வந்த அட்டையில் "எளிதாக வளரும்" என்று இருந்தது. யாருக்கு எளிது? கண்ணாடிக் கூடாரமும், ஈரப்பதம் காட்டும் கருவியும், வேலைக்கு ஆளும் வைத்திருப்பவருக்கு எளிது. பெல்ஜியத்தை 1951 முதல் 1993 வரை ஆண்ட மன்னர் போதுவானுக்கு இந்தச் செடி என்றால் உயிர். அரண்மனைக் கண்ணாடி வீட்டில் வளர்த்தார், அந்நாட்டின் 10,000 பிராங்க் நோட்டிலேயே இந்தப் பூ இடம்பிடித்தது. அவருக்கு எளிதாகத்தான் இருந்திருக்கும். மன்னருடைய செடிக்கு ஆளாளுக்கு ஒரு சொம்பு ஊற்ற அங்கே எந்த மாமாவும் வந்திருக்க மாட்டார்.

சரி, அடுத்த நாள் பிரித்துப் பார்த்தேன். தொட்டியிலிருந்து உருவும்போதே சாக்கடை நாற்றம். நல்ல வேர் வெளிர் நிறத்தில் கெட்டியாக இருக்கும். இது பழுப்பாக, பிடித்து இழுத்தால் தோல் மட்டும் கையோடு வந்து உள்ளே நூல் போல ஒன்று மிஞ்சுகிறது. இன்னும் உள்ளே நோண்டினால், நடுவில் முஷ்டி அளவுக்கு இறுகிப்போன பீட் உருண்டை, அதாவது சதுப்பு நிலத்து மக்கின பாசி. வளர்த்து விற்றவர்கள் நட்டது. சுற்றிலும் காய்ந்தாலும் அந்த உருண்டை மட்டும் ஈரத்தை விடவே விடாது. வாங்கின அன்றே அதைப் பிரிக்காமல் விட்டது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். (ஒத்துக்கொள்கிற ஒரே ஆள் இந்த வீட்டில் நான்தான்.)

அழுகினதை எல்லாம் சுத்தம் செய்த கத்தியால் வெட்டினேன். மிஞ்சிய வேருக்கு ஏற்ற சின்னத் தொட்டி, அடியிலும் பக்கத்திலும் துளை. மரப்பட்டைத் துண்டு, உப்பு போக ஊறவைத்து அலசிய தேங்காய் மட்டைத் துண்டு, கொஞ்சம் அடுப்புக்கரி. வேர் பாதி போய்விட்டதால் இலையையும் குறைத்தேன், இல்லையென்றால் இலை கேட்கிற தண்ணீரை வேரால் கொடுக்க முடியாது. மேலே ஒரு கண்ணாடித்தாள் உறை, உள்ளே ஈரக்காற்று நிற்பதற்கு. பிழைக்காவிட்டால் என்ன செய்வது என்று நல்ல தண்டு இரண்டை வெட்டிப் பதியனும் போட்டு வைத்திருக்கிறேன். வேர்விட வாரக்கணக்கில் ஆகும், அதுவும் மனசு வைத்தால்.

இதைச் செய்துகொண்டிருக்கும்போதே பின்னால் நின்று அறிவுரை. ஒருவர், "தினமும் தண்ணி தெளிச்சுவிடு, ஈரக்காத்து பிடிக்கும்ல" என்கிறார். தெளிக்கிற நீர் சில நிமிடத்தில் ஆவியாகிப் போய்விடும், இலைக்கவட்டில் தேங்கி நிற்பதுதான் மிச்சம், அதில் புள்ளிநோய் வரும். ஈரக்காற்று வேண்டுமென்றால் கூழாங்கல் தட்டில் நீர் ஊற்றி அதற்கு மேல், நீரைத் தொடாமல், தொட்டியை வைக்க வேண்டும். இன்னொருவர் ஐஸ்கட்டி வைக்கச் சொல்கிறார், ஆர்க்கிடுக்கு வைப்பார்களாம். வெப்பமண்டலக் காட்டுச் செடியின் வேரில் ஐஸ்! தம்பி மட்டும் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். அப்புறம், "பேசாம ஒரு செம்பருத்தி வாங்கியிருக்கலாம்ல?" என்றான். வாங்கியிருக்கலாம்தான். செம்பருத்தி இந்தக் குடும்பத்தையே தாங்கும்.

இப்போது பழைய சீட்டைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒட்டியிருக்கிறேன். தண்ணீர் ஊற்ற வேண்டாம். தெளிக்க வேண்டாம். திருப்ப வேண்டாம். தூக்க வேண்டாம். பாவப்பட வேண்டாம். கடைசி வரியை அம்மா இரண்டு தடவை படித்தார். ஒன்றும் சொல்லவில்லை.

இன்று காலை வழக்கம்போல் தொட்டியைத் தூக்கிப் பார்த்தேன். நேற்று இரவு இருந்ததைவிடக் கனம். மரப்பட்டை மேல் ஈரம் மினுமினுக்கிறது. சமையலறையில் சொம்பு கவிழ்த்து வைத்திருக்கிறது, அதன் விளிம்பில் இன்னும் ஒரு சொட்டு.

கேட்டேன். யாரும் ஊற்றவில்லையாம்.